படித்தவர் மனத்திரையும் படமாளிகைத் திரையும்

நாவலொன்று திரைப்படமாகப் போகின்றது என்னும் செய்தி வெளியானவுடன் அந்நாவலின் வாசகர் உள்ளத்தில் எழுவது மகிழ்ச்சியா, அச்சமா என்று வினவினால், இரண்டுமே என்றுதான் விடை கூறவேண்டும். தாம் நேசித்த கதை ஊரார் அனைவரும் காணும் காட்சியாகப் போகின்றதே என்பது மகிழ்ச்சி. அக்கதையை யாரோ ஒருவர் கெடுத்துவிடப் போகின்றாரே என்பது அச்சம். படம் வெளிவந்த பின்னர் நடப்பதும் யாவரும் அறிந்ததே. படமாளிகையின் வாயிலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நூலைப் படியாதவர் படத்தில் கண்டவற்றைப் பற்றிப் பேசுவர். படித்தவரோ படத்தில் காணாதவற்றைப் பற்றியே பேசுவர்.

இவ்விரண்டாவது கூட்டத்தாரைக் குறைகூறுவதையே தொழிலாகக் கொண்டவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. திரைத்துறையினர் பலர் அவ்வாறே ஒதுக்கியும் வருகின்றனர். ஆயினும் ஒரு நூலை வாங்கி, மடித்துக் கட்டி, மீண்டும் மீண்டும் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து அதனை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. நூலைப் படமாக்கும் எண்ணம் ஒருவருக்குத் தோன்றியதே அவர்கள் வளர்த்த புகழினால்தான். ஆகவே அவர்களது மனக்குறையில் நியாயம் எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு என்று ஆராய்வது தகும்.

தமிழில் இதற்குத் தலைசிறந்த உதாரணம் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் "பொன்னியின் செல்வன்". 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கல்கி வார இதழில் தொடங்கிய அத்தொடர் 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவெய்தியது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் காத்திருந்து படித்தனர் மக்கள். இதழ் வந்ததும் வீட்டில் யார் முதலிற் படிப்பது என்ற வழக்கு. படித்து முடித்ததும் தொடரின் பக்கங்களைப் பிரித்தெடுத்து ஊசியும் நூலும் கொண்டு தைத்து வைக்கும் வேலை. அவ்வாறு கட்டப்பட்ட தொகுதிகள் கடல் கடந்த இக்கரையிலும் பல இல்லங்களில் இருந்தன. இந்நாவலைப் படமாக்கும் உரிமையை 1958ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் பெற்றார், படம் உருவாகவில்லை. பின்னரும் சிலர் முயன்று கைவிட்டனர். முடிவில் மணிரத்தினத்தின் நெறியாள்கையில் 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி முதற் பாகமும், 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆந் திகதி இரண்டாம் பாகமும் வெளிவந்தன. உரிமை பெற்ற ஆண்டுக்கும் முதற் பாகம் வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 64 ஆண்டுகள்! பதினைந்து வயதில் முதல் அத்தியாயத்தைப் படித்த ஒருவர், படம் வந்தபொழுது எண்பத்தேழு வயதினராயிருப்பார். அத்தனை காலமும் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் ஏற்ற நடிகர் யாரென்று தலைமுறை தலைமுறையாக வாசகர் தமக்குள்ளே தெரிவு செய்து வந்தனர். எந்தத் தயாரிப்பாளராலும் அத்தனை நடிகரையும் ஒப்பந்தஞ் செய்தல் இயலாது.

படித்தவர்கள் சொன்ன முறைப்பாடுகள் யாவை? முதலாவது, தொடக்கம் பற்றியது. நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையின் மீது குதிரையேறி வரும் வாலிபன் ஒருவனோடு தொடங்குகின்றது. ததும்பி நிற்கும் நீர், மதகுகள், கூட்டாஞ் சோறு கொண்டுவரும் பெண்கள், ஓடப்பாட்டு என்று ஒரு நாட்டின் செழிப்பே அங்கு விரிகின்றது. படமோ ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தோடு தொடங்குகின்றது. ஏரிக்கரையில் நின்று கதைக்குள் நுழையப் பழகியவர்களுக்குப் போர்க்களத்தின் வழியே நுழைவது முன்வாசல் இருக்கப் பின்வாசலால் அழைத்துச் செல்லப்பட்டது போன்றிருந்தது.

இரண்டாவது முறைப்பாடு இதனினும் கனமானது. நாவலில் வரும் மணிமேகலை என்னும் பெண் படத்தில் இல்லவேயில்லை. கடம்பூர் மாளிகையின் செல்வமகள். வந்தியத்தேவனை நேரிற் காணுமுன்னரே அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள். அக்காதலால் பெற்றது துன்பமன்றி வேறில்லை. ஐந்து பாகங்கொண்ட பெருங்கதையைக் கல்கி முடித்தது அரசியல் வெற்றியோடன்று, இப்பேதைப் பெண்ணின் துயரத்தோடு. நாவலின் இறுதிப் பக்கங்களை மூடிவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுக்கு, அந்தக் கண்ணீருக்கு உரியவளே படத்தில் இல்லை என்றபொழுது ஏற்பட்டது ஏமாற்றம் மட்டுமன்று. ஒருவகை அவமதிப்பும் ஆகும். பூங்குழலிக்கும் படத்தில் இடம் சுருங்கிற்று. கடலையும் படகையும் தவிர உறவறியாத அப்பெண்ணின் மனக்கொந்தளிப்புக்கு நாவலில் அத்தியாயம் அத்தியாயமாக இடமிருந்தது. திரையில் அது சில நிமிடங்களாயிற்று.

மூன்றாவதாக, சோழ சிங்காதனத்துக்கு உரியவர் யார் என்பதைப் பற்றிய பிறப்பு இரகசியம் ஒன்று நாவலில் உண்டு. கதையின் பிற்பகுதி முழுவதும் அதனையே அச்சாணியாகக் கொண்டு சுழல்கின்றது. படத்தில் அது அடியோடு நீக்கப்பட்டது. இரகசியம் யாதென்று இங்கு வெளியிடுதல் இனிமேற் படிக்கவிருக்கும் நேயர்களுக்கு இழைக்கும் துரோகமாகும், படித்தவர்களுக்கோ சொல்லவேண்டியதில்லை.

நான்காவது, கரிகாலனின் மரணம். அவனைக் கொன்றது யார் என்ற வினாவுக்குக் கல்கி வேண்டுமென்றே திட்டமான விடை கூறவில்லை. இருண்ட அறை, பலருடைய கைகளில் ஆயுதம், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எந்த வாள் பாய்ந்தது என்பது வாசகர் தீர்ப்புக்கு விடப்பட்டது. உடையார்குடிக் கல்வெட்டில் கொலையாளிகளாக இரவிதாசன் முதலிய சகோதரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தும், அதனை அறிந்திருந்தும், கல்கி அவ்வாறு செய்தார். படமோ ஒரு விடையைக் கூறியது: கரிகாலன் நந்தினியின் கையிலிருந்த ஆயுதத்தையே தன் முடிவுக்குக் கருவியாக்கிக்கொள்கிறான். இதனை வாசகர் பலர் ஏற்கவில்லை. எழுபது ஆண்டுகளாகத் திண்ணையிலும் நூலகத்திலும் நடந்துவந்த ஒரு வழக்கை, நீதிபதி ஒருவர் திடீரென்று வந்து தீர்த்துவைத்துவிட்டால், வழக்காடியவர்களுக்கு வேறென்ன வேலை?

இம்முறைப்பாடுகள் எல்லாம் ஒரே தரத்தனவல்ல. இரு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. நாவலோ ஐந்து பெருந்தொகுதிகள். அதன் ஒரு பாகத்தை வாய்விட்டுப் படித்தாலே ஐந்தரை மணி நேரம் போதாது. எனவே எதையாவது நீக்கியே ஆகவேண்டும். தொடர்கதைக்கு வாரந்தோறும் ஒரு திருப்பம் தேவை. அத்திருப்பங்களுக்காகவே சில பாத்திரங்களும் கிளைக்கதைகளும் தோன்றின. படம் பார்ப்பவரோ அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கப் போவதில்லை. பிறப்பு இரகசியத்தை நீக்கியது இவ்வகையில் விளங்கிக்கொள்ளத்தக்கதே. கரிகாலனின் முடிவை மாற்றியதும் கலைஞன் ஒருவனின் உரிமைக்கு உட்பட்டதுதான். அக்காட்சியில் நாவலில் இல்லாத ஓர் உக்கிரம் உண்டு என்பதை நடுநிலையாளர் மறுக்கமாட்டார். ஆனால் மணிமேகலையை நீக்கியதற்கு நேரமின்மை மட்டும் போதிய சமாதானமாகாது. பெரியோர் ஆடும் அரச சதுரங்கத்தில் ஒன்றுமறியாதவர் நசுங்கிப்போவதே அந்நாவலின் அடியோட்டம். அவளை நீக்கியபின் எஞ்சுவது அரண்மனைக் கதை மட்டுமே.

படித்தவர்களின் மற்றொரு குறை, தாம் கற்பனை செய்திருந்த முகங்கள் வேறு, திரையிற் கண்ட முகங்கள் வேறு என்பது. இதனைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். அந்த முகங்கள் உண்மையில் வாசகரது கற்பனையிற் பிறந்தவைதாமா? தொடர் வெளிவந்த காலத்தில் வாரந்தோறும் ஓவியர் மணியத்தின் சித்திரங்களும் உடன் வெளிவந்தன. கதைக்கு நிலைக்களமான இடங்களைக் காணக் கல்கியோடு பயணஞ் செய்தவர் மணியம். இலங்கைக்கும் வந்து சென்றார். குந்தவையின் கொண்டையும், நந்தினியின் நீண்ட விழியும், பழுவேட்டரையரின் மீசையும் அவரது தூரிகையின் படைப்புக்களே. பின்னர் அதே இதழ் கதையை மீண்டும் மீண்டும் தொடராக வெளியிட்டு, வேறு ஓவியர்கள் வரைந்தபொழுதும், முதற்கோடு மணியத்தினுடையதாகவே நின்றது. ஆகவே வாசகரின் மனத்திரை வெற்றுத்திரையாக இருந்ததில்லை. அதில் ஏற்கெனவே ஒருவர் வரைந்திருந்தார். வாசகர் அதற்கு உயிரூட்டினர். திரைப்படத்தின்மீது சினங்கொண்டவர்கள் ஓவியருக்கு அத்தனை எளிதாக இடங்கொடுத்தது ஏன்? ஓவியம் அசைவதில்லை, பேசுவதில்லை என்பதே காரணம். குந்தவையின் குரல் எப்படியிருக்கும் என்பதை மணியம் சொல்லவில்லை. அது வாசகரின் சொத்தாகவே எஞ்சியிருந்தது.

முகத்தை முன்கூட்டியே காட்டிவிடும் பரிசோதனையும் தமிழில் மிக முன்னரே நடந்ததுண்டு. கல்கியின் "தியாக பூமி" ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபொழுது, கே. சுப்பிரமணியத்தின் நெறியாள்கையில் அதே கதை படமாகிக்கொண்டிருந்தது. தொடருக்கு ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் ஒளிப்படங்களே அச்சாயின. சம்பு சாஸ்திரிகளாகப் பாபநாசம் சிவனையும், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலக்ஷ்மியையும் வாசகர் படிக்கும்பொழுதே கண்டனர். 1939ஆம் ஆண்டில் படம் வெளிவந்தபொழுது, "இவர் அவரல்லவே" என்று எவரும் கூறுவதற்கு இடமே இருக்கவில்லை. இது ஒரு சாமர்த்தியமான உபாயம். ஆயினும் அதன் பின்னர் அது வழக்கமாகி வேரூன்றவில்லை. வாசகருக்கென்று எதுவும் மிஞ்சாத விருந்தை வாசகர் இரண்டாம் முறை விரும்புவாரா என்பது ஐயமே.

முகம் தெரிவதனால் வரும் இடர் இன்னொன்று. "பார்த்திபன் கனவு" நாவலிற் சிவனடியார் ஒருவர் வந்து வந்து மறைகின்றார். அவர் யாரென்பதைச் சில வாசகர் முன்னரே ஊகிப்பர், சிலர் ஊகியார். அந்த ஊகமே ஓர் இன்பம். 1960ஆம் ஆண்டில் அக்கதை படமானபொழுது, தாடியும் சடையும் எவ்வளவுதான் ஒட்டினாலும் யாவரும் அறிந்த நடிகரின் குரலை ஒட்டி மறைக்க முடியுமா? எழுத்தில் மாறுவேடம் நிலைக்கும். திரையில் அது முதற் சொல்லோடு கலைந்துவிடும்.

ஈழத்து வாசகருக்கென்று தனியான ஒரு மனத்தாங்கலும் உண்டு. "பொன்னியின் செல்வ"னின் இரண்டாம் பாகமான "சுழற்காற்றி"ன் பெரும்பகுதி இத்தீவிலேயே நிகழ்கின்றது. தம்புள்ளையும் அநுராதபுரமும் அதன் அரங்குகள். புத்த பிக்ஷுக்கள் இலங்கைச் சிங்காதனத்தை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருவதும் அவன் மறுப்பதும் இங்குதான். கல்கி நேரில் வந்து கண்டு எழுதிய நிலம் இது. படத்திலோ இலங்கைக் காட்சிகள் தாய்லாந்து நாட்டிற் படமாக்கப்பட்டன. மலையும் காடும் அழகானவையே, ஆயினும் தம்புள்ளைக் குன்றின் கருமையையும் அநுராதபுரத்துக் குளங்களின் விரிவையும் கண்ணாரக் கண்டு பழகியவர், "இது எவ்வூர்?" என்று கேட்பதில் தவறில்லை. சென்னையிலிருப்பவருக்கு இக்குறை தோன்றாது. ஒரே நூலைப் படித்த இருவர், தத்தம் ஊரைப் பொறுத்து வெவ்வேறு இடத்தில் மனம் நோகின்றனர்.

நூலுக்கு விசுவாசமாயிருத்தல் எப்பொழுதும் நன்மைதானா என்பதையும் கேட்டாக வேண்டும். இதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று மிகப் பொருந்தும். மார்கரெற் மிற்செல் எழுதிய "கோன் வித் த விண்ட்" 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் 50,000 டொலர் கொடுத்துப் பட உரிமையை வாங்கினார். அந்நாட்டு வாசகர் எழுதிய கடிதங்கள் மலையாகக் குவிந்தன. கதாநாயகனாகக் கிளார்க் கேபிளே நடிக்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர், அவ்வாறே ஆயிற்று. தென்மாநிலத்துக் கதாநாயகியாக விவியன் லீ என்னும் ஆங்கிலேய நடிகை வந்தபொழுது எதிர்ப்பும் கிளம்பிற்று. நூலாசிரியையோ படத்துக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று விலகி நின்றும், நடிகர் தெரிவுக்குத் தம்மை நச்சரிக்கும் மக்களிடமிருந்து தப்ப முடியவில்லை. ஆயிரம் பக்கங்களைக் கடந்த நாவல் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படமாயிற்று. நாவலிற் கதாநாயகிக்கு மூன்று குழந்தைகள், படத்தில் ஒன்றே. 1939ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆந் திகதி அற்லான்ரா நகரில் முதற்காட்சி நடந்தபொழுது, காணாமற்போன இரு குழந்தைகளைப் பற்றி அங்கு பெரிதாகக் கவலைப்பட்டோர் இலர்.

ஆனால் கடிதம் எழுதியவர்களில் மற்றொரு வகையினரும் இருந்தனர். கறுப்பின மக்களை அந்நாவல் சித்திரித்த முறையையும், முகமூடியணிந்து அவர்களை வதைத்த கூட்டத்தாரை வீரராகக் காட்டிய முறையையும் கண்டு கொதித்தவர் அவர்கள். அம்மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வோல்ற்றர் வைற் தயாரிப்பாளருக்கு எழுதினார். அதன் விளைவாகப் படத்திலிருந்து இழிசொல்லொன்று நீக்கப்பட்டது. அக்கூட்டத்தின் பெயரும் மறைந்தது. படம் அதனாற் குற்றமற்றதாகிவிடவில்லை. அடிமை வாழ்வை இனிய வாழ்வாகக் காட்டிய பழி அதற்கு இன்றும் உண்டு. எனினும் நூலை அப்படியே படமாக்குக என்று ஒரு சாரார் கேட்டபொழுது, அப்படியே ஆக்காதீர் என்று மறுசாரார் கேட்டனர். கேட்டவர் இருசாராரும் வாசகரே. வாசகர் என்றவுடன் ஒரே குரல் என்று எண்ணிவிடுதல் தவறு.

சில சமயங்களில் நூலால் இயலாததைத் திரை கொடுத்ததும் உண்டு. கொத்தமங்கலம் சுப்புவின் "தில்லானா மோகனாம்பாள்" கோபுலுவின் சித்திரங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்த காலத்தில், சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுவரத்தை வாசகர் கண்ணாற் படித்தனரேயன்றிக் காதாற் கேட்டிலர். ஏ. பி. நாகராஜன் 1968ஆம் ஆண்டில் அதனைப் படமாக்கியபொழுது, மதுரைச் சகோதரர்களான எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் வாசிப்பு அக்குறையை நிறைவு செய்தது. அங்கே வாசகர் இழந்தவை பல. உபகதைகளும் பயணங்களும் சுருங்கின. ஆனாற் பெற்ற ஒன்றின் முன் இழந்தவற்றை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இலங்கையிலே மார்ட்டின் விக்கிரமசிங்கவின் "கம்பெரலிய" அடைந்த மாற்றம் இதற்கு நேர்மாறானது. "கிராமப் பிறழ்வு" என்ற பெயரில் எம். எம். உவைஸ் மொழிபெயர்த்தமையாற் தமிழ் வாசகரும் அதனை அறிவர். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நாவலை லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1963ஆம் ஆண்டில் படமாக்கினார். தென்னிந்தியப் படங்களின் பாட்டும் சண்டையுமே சிங்களத் திரையையும் ஆண்ட காலம் அது. அவரோ படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வெளியேறி, மெய்யான வளவு ஒன்றிற்கே சென்றார். நாவலாசிரியர் பக்கம் பக்கமாக எழுதிய சிந்தனைகளை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குலப்பெருமைக்கும் பியல் மீது கொண்ட அன்புக்குமிடையே நந்தா படும் பாட்டைப் புண்ணியா ஹீந்தெனியவின் முகமே சொல்லிற்று. அங்கு இசை கூட்டியது போல, இங்கு மௌனம் கூட்டியது. 1965ஆம் ஆண்டில் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது அப்படத்துக்குக் கிடைத்தது.

வாசகரின் சினமே ஒரு நாவலைப் பிறப்பித்த விந்தையும் உண்டு. ஜெயகாந்தன் 1966ஆம் ஆண்டில் எழுதிய "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதையிற் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தாய் நீரூற்றித் தூயவளென்று ஏற்றுக்கொள்கின்றாள். படித்தவர் பலர் பொங்கி எழுந்தனர். அப்படியானால், தாய் அவ்வாறு ஏற்காது ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று எழுதிக்காட்டினார் அவர். அதுவே "சில நேரங்களில் சில மனிதர்கள்". 1977ஆம் ஆண்டில் வெளிவந்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. ஆசிரியரே பேனா பிடித்தமையால், நூலைச் சிதைத்துவிட்டார்கள் என்ற கூச்சலுக்கு அங்கு இடமிருக்கவில்லை. எல்லா நாவலாசிரியருக்கும் அவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எல்லோருக்கும் அவ்வாற்றல் இருப்பதில்லை.

வாசகரின் மனக்குறை திரையோடுதான் தொடங்கிற்று என்று எண்ணுதலும் பொருந்தாது. "பொன்னியின் செல்வன்" தொடர் 1954ஆம் ஆண்டில் முடிவுற்றபொழுதே, கதை சட்டென்று முடிந்துவிட்டதென்றும், இன்னார் என்னவானார் என்று சொல்லவில்லையென்றும் வாசகர் ஆசிரியரையே கேட்டனர். கல்கி தனியாக முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வரலாற்றை அதிற் சொல்லி, அவர்களைச் சமாதானஞ் செய்யவேண்டியதாயிற்று. கதையைப் படைத்தவரிடமே கணக்குக் கேட்டவர்கள், படமெடுத்தவரிடம் கேளாதிருப்பரா?

படம் வந்ததனால் நூலுக்கு நேர்ந்தது என்ன என்பது எஞ்சியுள்ள வினா. 2022ஆம் ஆண்டில் புத்தகக் கடைகளில் ஐந்து பாகங்களும் மீண்டும் மளமளவென்று விற்பனையாயின. தமிழெழுத்துச் சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெற்றோரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டனர். ஒலிநூலாகக் கேட்டோரும் உளர். இப்புதிய வாசகருக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகம். நந்தினி என்றால் ஐசுவரியா ராயின் முகம். மணியத்தின் இடத்தை நடிகர் பிடித்துக்கொண்டனர். பழைய வாசகர் இதனை எண்ணி வருந்துவது இயல்பே.

ஆயினும் அவர்கள் கவனியாத ஒன்றுண்டு. படத்திலிருந்து நீக்கப்பட்ட பிறப்பு இரகசியம் நூலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றது. படம் பார்த்து, கதை முழுவதும் தெரிந்துவிட்டதென்ற நம்பிக்கையோடு ஐந்தாம் பாகத்தைத் திறக்கும் இளைஞன், அங்கு சற்றும் எதிர்பாராத இடத்திலே திடுக்குற்று நிற்கின்றான். கடம்பூர் மாளிகைக்குள் அவன் நுழையும்பொழுது ஒரு பெண் ஓடிவருகின்றாள். அவளை அவன் எந்தத் திரையிலும் கண்டதில்லை. அவளுக்கு எந்த நடிகையின் முகமும் இல்லை, குரலும் இல்லை. மணிமேகலை எப்படியிருப்பாள் என்பதை அவனே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது.